சாகாமம் வீதியும் பழைய ஜீப் வண்டியும்

யூபிலி மலர்களில் இடம்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் கல்லூரியின் பழம்பெருமையையும் அதனை வளர்த்த பெரியோரின் புகழையும் பேசுவன. அவ்வாறு பேசுதல் தகும். நன்றி மறத்தல் தகாது. ஆயினும் இம்மலரின் பக்கங்களுட் சிலவற்றை நாம் ஒரு பழைய ஜீப் வண்டிக்காகக் கேட்டுப் பெற்றிருக்கின்றோம். கல்விக்கும் ஜீப் வண்டிக்கும் யாது தொடர்பு என்று அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். தொடர்பு உண்டு. மாணவன் பாடசாலைக்கு வந்துவிட்டான், கரும்பலகை இருக்கிறது, வெண்கட்டியும் இருக்கிறது, ஆசிரியர் மட்டும் வழியில் நிற்கிறார். அவர் வந்து சேரும் வழியைப் பற்றிப் பேசாது கல்வியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அப்பேச்சு முற்றுப்பெறாது.

அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் நோக்கிச் செல்லும் வீதியை இம்மாவட்டத்தவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒருபால் வட்டை, ஒருபால் பற்றைக்காடு, அப்பால் குளம். பெரும்போகத்திலே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. சிறுபோகம் முடிந்து கச்சான் வீசுங்கால் கண்ணை மூடச்செய்யும் புழுதி. வாடை மழை பிறந்துவிட்டால் வீதி எது, வாய்க்கால் எது என்று பிரித்தறிய இயலாத வெள்ளம். இருப்புப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது. பேருந்துகள் கரையோரப் பெருவீதியில் ஓடுமளவுக்கு உள்வீதிகளில் ஓடுவதில்லை. பிரதான வீதி தாரிடப்பட்டு நன்றாகவே இருப்பினும், அதிலிருந்து கிளைத்துச் செல்லும் கிறவல் வீதிகள் மழைக்கு ஒரு முகமும் வெயிலுக்கு ஒரு முகமும் காட்டுவன. பொழுது சாய்ந்தபின் யானையின் நடமாட்டமும் உண்டு.

இத்தகைய வழியிலேதான் குளத்தை அண்டிய சிறு பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் நாள்தோறும் போய்வருகின்றனர். நியமனக் கடிதம் பெற்று வருவோர் முதலில் வினவுவது மாணவர் தொகையையன்று; எவ்வாறு போய்வருவது என்பதையே. ஓராண்டு போய்வந்தபின் இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்போரை நாம் குறைகூறத் துணியோம். கைக்குழந்தையை வீட்டில் விட்டு, மழையில் நனைந்து, காலை ஏழரை மணிக்குள் வகுப்பறையில் நிற்க வேண்டிய ஆசிரியை ஒருவரிடம் தியாகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எளிது. அவருக்கு ஓர் ஆசனம் தேடிக்கொடுப்பது பயனுடையது. அவ்வாசனத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

நாம் ஐவர். மூவர் இக்கல்லூரியின் பழைய மாணவர், இருவர் ஆசிரியைகள். ஐவருள் ஒருவர் அக்கரைப்பற்று முஸ்லிம் சகோதரர். ஐவர்க்கும் பாடசாலைகள் ஒரே திசையில் அமைந்தன. முன்னர் நம்முள் மூவர் மோட்டார் சைக்கிளிலும் ஏனையோர் முச்சக்கர வண்டியிலும் சென்று வந்தோம். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி வந்தபோதுதான் ஒன்றுகூடிச் சிந்தித்தோம். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் டீசல் ஒரு லீற்றர் 460 ரூபாவாகவும், 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாவாகவும் உயர்ந்தன. அவ்விலைக்கும் பொருள் கிடைத்தபாடில்லை. பின்னர் ஜூலை மாதத்தில் கியூஆர் முறை வந்தது. வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தனர். அந்நாளில் விவசாயி ஒருவர் தமது கொட்டிலில் நிறுத்தி வைத்திருந்த பழைய டீசல் ஜீப் ஒன்றை விற்க முன்வந்தார். வைக்கோலும் கோழி எச்சமும் படிந்து கிடந்த அவ்வண்டியை நாம் ஐவரும் பணம் சேர்த்து வாங்கினோம். எந்நாட்டில் எக்கம்பனி ஆக்கிய வண்டி என்பது இங்கு வேண்டாம். அதன் குறைகள் முதுமையின் குறைகளேயன்றி ஆக்கியோரின் குறைகளல்ல.

ஊரார் நகைத்தனர். "ஆனையைக் கட்டித் தீனி போடப் போகிறார்கள்" என்றனர் சிலர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

எமது பயணம் போகவர நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர். வண்டி ஒரு லீற்றர் டீசலுக்கு 8 கிலோமீற்றர் ஓடும். ஆகவே நாளொன்றுக்கு மூன்றே முக்கால் லீற்றர் வேண்டும். ஒருவர் மட்டும் ஏறிச்சென்றால் அம்மூன்றே முக்கால் லீற்றரும் அவர் தலையில் விழும். மோட்டார் சைக்கிள் ஒரு லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் என்று கொண்டால், அதே பயணத்துக்கு அதற்கு வேண்டுவது ஒரு லீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே தனியொருவர் பழைய ஜீப்பில் வேலைக்குப் போய்வருவது மோட்டார் சைக்கிளிற் போவதினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட செலவாகும். ஊரார் நகைத்தது இதனாலேயே. அவர்கள் கணக்குப் பிழையன்று.

ஆனால் ஐவர் ஏறினால்? மூன்றே முக்கால் லீற்றரை ஐந்தாற் பிரிக்க ஒருவர்க்கு முக்கால் லீற்றர். மோட்டார் சைக்கிளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கிவிடும். ஐந்து நாட் பாடசாலை வாரத்துக்கு 18.75 லீற்றர், எமக்கு அளந்து கொடுத்த 20 லீற்றருக்குள் வாரம் முழுதும் ஓடி முடிந்தது. கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நீங்கியபின்னும் நாம் அவ்வளவைக் கடக்கவில்லை. நால்வர் ஏறினால் ஒருவர்க்குரிய பங்கு ஏறத்தாழ ஒரு லீற்றர். மூவர் ஏறினால் ஒன்றேகால் லீற்றர். அதற்குக் கீழே ஆசனங்கள் வெறுமையாகும்போது வண்டியின் மலிவும் இறங்கிப் போய்விடுகிறது. ஆகவே நாம் கண்ட முதல் உண்மை இது: பழைய ஜீப்பின் மலிவு அதன் விலையில் இல்லை, அதன் ஆசனங்களில் இருக்கிறது.

எரிபொருளோடு கணக்கு முடிவதில்லை. பழைய வண்டி இன்று ஒரு மூலையிலும் நாளை ஒரு மூலையிலும் கைநீட்டும். இதற்கென நாம் ஒரு பெட்டி வைத்தோம். டீசலுக்கு மூன்று ரூபா செலவிட்டால் பெட்டியில் இரண்டு ரூபா இடுவது எமது விதி. டயர், பற்றரி, பிறேக், காப்புறுதி, ஆண்டு வரி, புகைப் பரிசோதனை யாவும் அப்பெட்டியிலிருந்தே. பெட்டிப் பணத்தையும் கூட்டினால் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றர் டீசலின் விலை ஆகின்றது. முச்சக்கர வண்டியைத் தனியே வாடகைக்கு அமர்த்துவதிலும் இது மிகக் குறைவு. பேருந்து கிடைக்குமிடத்தில் பேருந்தே இதனினும் மலிவு. அதனை மறைத்தல் நேர்மையன்று. நாம் கட்டணம் பெற்று ஆளேற்றுவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம். காப்புறுதி தனியார் பாவனைக்கே உரியது. அதன் எல்லையைத் தாண்டினால் விபத்து நாளில் ஐவரும் தெருவில் நிற்க நேரும்.

பகிர்ந்து ஏறும் இவ்வழக்கம் நாம் கண்டுபிடித்த புதுமையன்று. இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், போர்ட் ஆகிய இரு கம்பனிகளும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகளை ஆக்கின. போர் முடிந்ததும் பிலிப்பைன்ஸ் நாட்டார், தம் மண்ணில் விடப்பட்ட ஜீப்புகளின் உடலை நீட்டி, இருமருங்கும் ஆசனமிட்டு, கூரை வேய்ந்து, பொதுமக்கள் ஏறும் வண்டியாக மாற்றினர். ஜீப்னி என்னும் பெயர் அவ்வாறு பிறந்ததே. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், கம்பம் பகுதிகளிலிருந்து மலையேறி, கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலித் தொழிலாளர் நாள்தோறும் போய்வருவதும் ஜீப்பிலேயே. அங்கே அளவுக்கு மீறி ஆளேற்றுவதால் விபத்துகள் நேர்ந்து உயிர்கள் போயினமையும் நாம் மறக்கலாகாத செய்தி. ஆசனம் ஐந்தாயின் ஆளும் ஐவரே. ஆறாமவர் எவ்வளவு வேண்டியவராயினும் ஏற்றுவதில்லை என்பது எமது இரண்டாம் விதி.

இவ்வண்டிகள் ஏன் இத்தனை காலம் உழைக்கின்றன என்பதையும் மாணவர் அறிதல் நன்று. போர் முடிந்தபின் இங்கிலாந்தின் றோவர் கம்பனியைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ் தமது தோட்டத்தில் ஒரு போர்க்கால ஜீப்பை ஓட்டி வந்தார். அதுபோன்றதொரு வண்டியை விவசாயிகளுக்காக ஆக்க எண்ணியதன் விளைவே 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்ட் றோவர். அக்காலத்தில் அங்கே உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் அதன் மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டினால் ஆக்கினர். யப்பானில் மிற்சுபிசி கம்பனியார் வில்லிஸின் உரிமம் பெற்று 1953 முதல் 1998 வரை ஜீப் ஆக்கினர். இந்தியாவில் மகேந்திரா கம்பனியார் 1947இல் அத்தொழிலைத் தொடங்கினர். நமது பகுதியில் 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபின் ஜீப் என்பது அனைவர்க்கும் பழகிய வண்டியாயிற்று என்று முதியோர் சொல்வர்.

இவ்வண்டிகள் யாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. பட்டறையிலன்றி வயலிலே, பெரிய கருவிகளின்றிச் சில திறப்புகளைக் கொண்டே கழற்றிப் பூட்டத்தக்கவாறு அவை ஆக்கப்பட்டன. பழைய டீசல் எஞ்சினில் மின்னணு மூளை இல்லை. எரிபொருளும் காற்றும் அமுக்கமும் சரியாக இருந்தால் அது ஓடும். ஓடாவிடின் இம்மூன்றில் ஒன்று குறைந்திருக்கும். காரணத்தைத் தேடிக் கண்டுகொள்ளத்தக்க இயந்திரம் என்பதே ஏழைக்கு அதன் பெருஞ்சிறப்பு.

வாங்க விழைவோருக்குச் சில வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத்தொடங்கியது 2025 பெப்ரவரியிலேயே. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிற்று. ஆகவே "பழையது, ஆதலால் மலிவு" என்று எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். வண்ணப்பூச்சையும் பெரிய டயரையும் பார்த்து விலை பேசுதல் கூடாது. குனிந்து, வண்டியின் அடியிலுள்ள சட்டத்தைப் பார்த்தல் வேண்டும். சிறு சுத்தியலாற் தட்டினால் நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். கறையான் தின்ற மரம்போல் மந்தமாக ஒலித்தால் அங்கே உட்துரு உண்டு. கரையோரத்தில் உப்புக்காற்று உருக்கைத் தின்னும். மேலுடல் அலுமினியமாயினும் கவலையற்றிருத்தல் ஆகாது; அலுமினியமும் உருக்கும் சேருமிடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியமே அரிக்கப்படும். எஞ்சினை மாற்றலாம், கியர்ப் பெட்டியை மாற்றலாம், உளுத்த சட்டத்தின்மேல் இட்ட பணம் மணலில் ஊற்றிய நீராகும்.

வாங்கியபின் செய்யவேண்டியவை சிறியன. ஆனால் தவறாது செய்யப்படல் வேண்டும். மாதமிருமுறை நன்னீரால் அடிப்புறத்தைக் கழுவுகின்றோம். வில்லிணைப்புகளுக்கும் சுழல்தண்டின் மூட்டுகளுக்கும் கிறீஸ் ஊட்டுகின்றோம். மழைக்காலத்தில் அச்சுப் பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்கின்றோம். அது மோரைப்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடேறிய அச்சு திடீரெனக் குளிர்ந்த நீரில் அமிழ்ந்தால் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி வெளிநீரை உறிஞ்சும். அதனாலேயே இது நேர்கின்றது. இவ்வேலையை நாம் ஐவரும் முறைவைத்துச் செய்கின்றோம். ஆசிரியை ஒருவரே கிறீஸ் ஊட்டுவதில் எம்மெல்லோரினும் கைதேர்ந்தவர்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியென்றால் எந்நேரமும் அவ்வாறு ஓட்டலாம் என்று பலர் கருதுகின்றனர். இத்தகைய பழைய ஜீப்பில் அது பெருந்தவறு. வளைவிலே முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைக் காட்டிலும் சற்று நீண்ட வழியைக் கடக்கின்றன. இரண்டு அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும்போது இவ்வேறுபாட்டைச் சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் வீதியில் வழுக்க இடமில்லாமையால் பற்சக்கரங்களில் முறுக்கேறும், டயர் தேயும், டீசல் வீணாகும். ஆகவே சாகாமம் வீதியின் தாரில் இரண்டு சக்கர இழுவையே போதும். கிறவலில் சேறு கண்டபோது இறங்கி, முன்சக்கரக் குடத்திலுள்ள பூட்டைத் திருப்பி, நெம்பைத் தள்ளி, மெல்லச் செல்லுதல் வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடிய தூரத்தில் முன்சக்கர இழுவை எமக்கு வேண்டியிருந்த தூரம் மிகச் சிறிது. ஆனால் அச்சிறு தூரத்தில்தான் பாடசாலை இருக்கிறது.

இவையனைத்தையும் எமக்குக் கற்பித்தவர் கரையோர நகரொன்றில் சிறு கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் பெரியார் ஒருவர். "காக்கா, இதைச் சரிசெய்து தாருங்கள்" என்று வண்டியை விட்டுவிட்டு வரத்தான் முதலில் எண்ணினோம். அவர் விடவில்லை. "சேர், வண்டி ஓட்டத் தெரிஞ்சாப் போதாது. வண்டிட சத்தம் கேக்கத் தெரியணும். நில்லுங்க, பாத்துப் பழகுங்க" என்று எம்மை அருகில் நிறுத்தினார். பட்டம் பெற்ற ஐவரும் அவர் முன்னிலையில் மாணவராய் நின்றோம். கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கின்மேல் அடுக்கி வைப்பது, இறுக்கு முன் கையாற் சுற்றிப் பார்ப்பது, புதிய உறுப்பு வாங்குமுன் பழையதைக் கழுவி உற்றுநோக்குவது என்று அவர் கற்பித்தவை யாவும் ஆய்வுகூடத்தில் நாம் மாணவர்க்குச் சொல்லும் ஒழுங்குகளே. நாம் சொல்லி வந்தோம். அவர் செய்து வந்தார்.

இதை எழுதுங்கால் நமது கல்விமுறையின் குறையொன்று நெஞ்சை உறுத்துகின்றது. பௌதிக வினாத்தாளில் நெம்புகோலின் விதியைத் தவறின்றி எழுதும் மாணவன் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றத் தெரியாது வீதியோரத்தில் நிற்கின்றான். கையிற் கரி படிந்தவரைக் கற்றவர் என்று கொள்ள நமது சமூகம் இன்னும் மனங்கொள்ளவில்லை. காரைதீவில் 1892இல் தோன்றிய சுவாமி விபுலாநந்தர் தமிழறிஞர் மட்டுமல்லர். அறிவியல் பயின்று இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். மறைந்துபோன யாழ்க் கருவியின் அமைப்பைக் கணிதத்தாலும் ஆராய்ந்து யாழ் நூலை 1947இல் வெளியிட்டார். கருவியை அளந்தறிதல் புலமைக்கு இழுக்கு என்று அவர் கருதியதில்லை. அம்மண்ணில் வந்த நாம் ஒரு திறப்பைக் கையிலெடுக்க நாணுவது எவ்வாறு பொருந்தும்?

பழைய ஜீப்பின் பெருமையை இவ்வளவு சொன்ன நாம் அதன் பெருந்தீங்கையும் சொல்லுதல் கடன். அது மனிதனுக்குப் பொய்த் துணிவைக் கொடுக்கின்றது. 2024 நவம்பர் 26ஆம் நாள் காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியருகில் வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து, அதில் வந்த மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தனர். வீடு திரும்பப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அச்செய்தி வந்த இரவில் எம்முள் ஒருவரும் உறங்கவில்லை. அதற்கு முன்னைய மழைகளில் நாமும் ஓடும் நீரைக் கடந்திருக்கின்றோம். "ஜீப் அல்லவா, போகும்" என்று எம்முள் ஒருவர் சொல்ல மற்றவர் தலையசைத்திருக்கின்றோம். கரைசேர்ந்தது எமது திறமையால் அன்று என்பதை அன்றிரவு உணர்ந்தோம்.

ஒன்றரைத் தொன் நிறையுள்ள வண்டி ஒன்றரைக் கன மீற்றர் நீரை விலக்குமாயின் மிதக்கத் தொடங்கும். ஆக்கிமிடீசின் விதிக்கு நான்கு சக்கர இழுவை என்பது தெரியாது. முழுதும் மிதக்கு முன்னரே சக்கரத்தின் பிடி தளரும்; பக்கவாட்டில் பாயும் நீர் வண்டியை வீதியைவிட்டுத் தள்ளும். காற்று வழியாக எஞ்சினுள் நீர் புகுந்தால், காற்றை அமுக்குவதுபோல் நீரை அமுக்க இயலாமையால் உள்ளிருக்கும் தண்டு வளைந்து எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். நீருக்கடியில் வீதி அரித்துச் செல்லப்பட்டிருந்தால் அதை மேலிருந்து எவரும் காணார். ஆழமறியாமற் காலை விடாதே என்ற பழமொழி சக்கரத்துக்கும் உரியது. ஆகவே எமது மூன்றாம் விதியை அக்கிழமையே வகுத்தோம்: ஓடுகின்ற நீரைக் கண்டால் வண்டி திரும்பும். ஐவரில் ஒருவர் அஞ்சினாலும் திரும்பும். அவரிடம் காரணம் கேட்பதில்லை. அன்று பாடசாலைக்கு ஆசிரியர் வரமாட்டார். மறுநாள் வருவார். மறுநாள் வருவதற்கு அவர் உயிரோடிருத்தல் வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. பழைய வண்டியில் ஆசனப்பட்டி இல்லை. நாம் ஐந்து ஆசனத்துக்கும் பொருத்துவித்தோம். உயரமான வண்டியாகையால் வேகமாக வளைத்தால் கவிழும். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நாம் ஓட்டுவதில்லை. நீரிலிறங்கி எழுந்த பிறேக் உடனே பிடிக்காது. மெல்ல மிதித்தபடி சிறிது தூரம் ஓடி உலர்த்தல் வேண்டும். புகையைப் பற்றியும் நாம் வெட்கத்தோடு பேசவேண்டியவரே. பம்பையும் நொசிலையும் ஒழுங்காக வைத்திருந்தால் புகை பெரிதும் குறையும், முற்றும் நீங்காது. ஒரு வண்டி ஐவரைச் சுமப்பதால் மற்ற வண்டிகள் வீட்டில் நிற்கின்றன என்பது ஓரளவு சமாதானமேயன்றி முழு விடையன்று.

ஆதலின் எமது முடிந்த கருத்தைச் சொல்லுகின்றோம். தனியொருவர் நகரத்திலே பெருமைக்காகப் பழைய ஜீப் வைத்திருத்தல் வீண் செலவு. நல்ல தார் வீதியில் மட்டும் போய்வருவோருக்கு அது வேண்டுவதில்லை. உள்வீதிகளுக்குக் காலையிலும் மாலையிலும் ஒழுங்காகப் பேருந்து விடுவது அரசின் கடமை. எமது ஜீப் ஓடுகிறதென்பதால் அக்கடமை நீங்கிவிடாது. பேருந்து வரும் நாளில் எமது வண்டியை விவசாயி ஒருவருக்கு மகிழ்ச்சியோடு விற்றுவிடுவோம். அந்நாள் வருமளவும், ஒரே திசையில் போகும் நால்வர் ஐவர் கூடி, சட்டம் உறுதியான வண்டியொன்றைத் தேடி, பெட்டியொன்று வைத்து, கையிற் கரி படிய அதனைப் பேணுவார்களாயின், சாகாமம் போன்ற இடங்களுக்கு அதனினும் தகுந்த வண்டி இல்லை.

பழைய மாணவர்காள்! யூபிலி ஆண்டிலே கல்லூரிக்கு அன்பளிப்புச் செய்ய விழைகின்றீர்கள். வளைவு கட்டலாம், பெயர் பொறித்த கல் நாட்டலாம். அவற்றோடு ஒரு சிறு கொட்டிலும் அதற்குள் ஒரு பழைய எஞ்சினும் ஒரு பெட்டி திறப்புகளும் தந்துதவ வேண்டுகின்றோம். சனிக்கிழமைதோறும் மாணவர் அதைக் கழற்றிப் பூட்டட்டும். கராஜிலே உழைக்கும் பெரியவர்களை அழைத்து, மாலையிட்டு, ஆசிரியர் ஆசனத்தில் இருத்துவோம். அம்மாணவருள் ஒருவன் நாளை குளத்தருகேயுள்ள பாடசாலைக்கு ஆசிரியனாய்ச் செல்வான். அவன் வண்டி வழியில் நின்றால் இறங்கிப் பார்க்கத் தெரிந்தவனாயிருப்பான். வெள்ளத்தைக் கண்டால் திரும்பத் தெரிந்தவனாயுமிருப்பான்.

எமது வண்டி இவ்வாண்டும் ஓடுகின்றது. காலை ஆறரை மணிக்கு அது ஒவ்வொரு வாசலிலும் நின்று செல்லும். பாடசாலை வளவுக்குள் நுழையுமுன்பே அதன் சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்டுவிடுகின்றது. "சேரும் ரீச்சரும் வந்திட்டாங்க" என்று அவர்கள் வகுப்பறைக்குள் ஓடுவதைக் காணுந்தோறும், பெட்டியில் இட்ட பணத்தை நாம் ஒருநாளும் பெரிதாக எண்ணியதில்லை.